பனி கரைந்ததும் உரியும் கொங்கிரீட்: வீட்டுக்காரரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

மார்ச் கடைசியில் பனிக்குவியல் வற்றியதும் ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் ஒரே முறைப்பாடு கேட்கத் தொடங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட டிரைவ்வே செதில் செதிலாக எழும்புகிறது. முன்படியின் விளிம்பு கையோடு வருகிறது. கராஜுக்குள் கார்ச் சில்லு நிற்கும் இடத்தில் மட்டும் நிலம் சொரசொரத்துக் கல் வெளியே தெரிகிறது. ஸ்காபுறோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எம்மவர்கள் செறிந்து வாழும் இடங்களில் இந்த வேலைக்குக் கொடுக்கப்படும் காசு சிறியதல்ல. பல ஆயிரம் டொலர் கொடுத்துப் போட்டதை மூன்றாம் குளிர்காலம் முடிய உடைத்து அள்ளுவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. இந்தப் பழுதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. ஆனால் தவிர்க்கும் வேலை கொங்கிரீட் லொறி வாசலுக்கு வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். அடிக்கடி எழும் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கொங்கிரீட் கல்லாக இறுகிவிட்டதே. பிறகு தண்ணீர் எப்படி அதை உடைக்கும்?

பார்வைக்குத்தான் அது கல். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகளும் மயிரினும் மெல்லிய குழாய்களும் நிறைந்திருக்கின்றன. கலக்கும்போது விட்ட தண்ணீரில் ஒரு பகுதிதான் சீமெந்தோடு சேர்ந்து இறுகும். மிச்சத் தண்ணீர் நின்ற இடம் பிறகு துளையாகிவிடும். மழையும் கரைந்த பனியும் அந்தத் துளைகள் வழியாகவே உள்ளே இறங்குகின்றன.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 வீதம் கூடும். போத்தலை விளிம்புவரை நிரப்பி மூடி உறைபெட்டியில் வைத்தால் வெடிக்கும், கொஞ்சம் இடம் விட்டு வைத்தால் ஒன்றும் ஆகாது. கொங்கிரீட்டின் துளைகளுக்கும் இதே கணக்குத்தான். துளைகளின் கொள்ளளவில் சுமார் 91.7 வீதத்துக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால், உறையும் தண்ணீர் பெருக்க இடமில்லை. ஆகவே காய்ந்த கொங்கிரீட்டைக் குளிர் ஒன்றும் செய்யாது. ஈரத்தில் ஊறிய கொங்கிரீட்தான் அடிவாங்கும்.

பெருக்கும் ஐஸ் சுவரைத் தள்ளுவதோடு கதை முடிவதில்லை. அமெரிக்காவின் போர்ட்லண்ட் சீமெந்துச் சங்கத்தில் ஆய்வு செய்த ரி.சி. பவர்ஸ் 1945இல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு துளையில் ஐஸ் உருவாகும்போது, இன்னும் உறையாத தண்ணீரை அது அக்கம்பக்கத்துக்கு நெருக்கித் தள்ளுகிறது. நுண்குழாய்களுக்குள்ளால் அந்தத் தண்ணீர் வேகமாக ஓடவேண்டியிருப்பதால் அழுத்தம் ஏறுகிறது, சீமெந்துப் பசை கிழிகிறது. பின்னர் அவரும் ஹெல்முத் என்பவரும் செய்த சோதனைகளில் இதற்கு நேர்மாறான ஓட்டமும் தெரியவந்தது. உருவான ஐஸ் சுற்றியுள்ள நுண்துளைகளின் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து வளர்கிறது. இரண்டில் எது எப்போது மேலோங்குகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. வீட்டுக்காரருக்கு வேண்டிய விஷயத்தில் வாதம் இல்லை: ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் கேடு.

மேல் தோல் முதலில் உரிவதற்கும் காரணம் இதுவே. அதிகம் நனைவதும் முதலில் உறைவதும் மேற்பரப்பு. சரியாகப் போடாத கொங்கிரீட்டில் ஆகப் பலவீனமான இடமும் அதுதான்.

வின்னிபெக்கில் எங்களைவிடக் குளிர். அப்படியானால் அங்கே எல்லாம் நொறுங்கிப் போயிருக்க வேண்டுமே?

குளிரின் கடுமையைவிட, உறைவதும் இளகுவதும் எத்தனை தரம் மாறிமாறி நடக்கிறது என்பதே பெரிய கேள்வி. வாரக்கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்தில் உறைந்த தண்ணீர் உறைந்தபடியே இருக்கும். ரொறன்ரோவிலோ பகலில் மூன்று பாகை, இரவில் மறை ஆறு பாகை என்று ஏறி இறங்கும் நாள்கள் ஏராளம். ஒவ்வொரு தரமும் பனி கரைந்து புதிய தண்ணீர் துளைக்குள் ஏறுகிறது, இரவில் உறைகிறது. கொங்கிரீட் சிறிது சிறிதாக இன்னும் கூடத் தண்ணீர் குடித்து, கடைசியில் முன்னே சொன்ன 91.7 வீத எல்லையைத் தாண்டிவிடும்.

தெற்குப் பார்த்த வாசல் வடக்குப் பார்த்த வாசலைவிட முந்தி உரிவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். காற்று பூச்சியத்துக்குக் கீழே இருந்தாலும் வெயில் பட்ட இடத்தில் பனி கரையும், வெயில் இறங்கியதும் திரும்ப உறையும். கூரைத் தண்ணீர்க் குழாய் டிரைவ்வேயில் வந்து ஊற்றும் இடமும் அப்படித்தான்.

ஆய்வுகூடத்தில் இதையே வேகப்படுத்திப் பார்க்கிறார்கள். ஏ.எஸ்.ரி.எம். சி666 என்ற சோதனையில் கொங்கிரீட் துண்டை 4 பாகைக்கும் மறை 18 பாகைக்கும் இடையே 300 தரம் உறையவைத்து இளகவைப்பார்கள். இடையிடையே அதைத் தட்டி அதிரவைத்து, அதிர்வெண்ணை அளப்பார்கள். உள்ளே நுண்வெடிப்புப் பரவினால் அதிர்வெண் இறங்கும். அதிலிருந்து கணக்கிடும் விறைப்பு, தொடக்கத்தில் இருந்ததன் 60 வீதத்துக்குக் கீழே போனால் சோதனையை நிறுத்திவிடுவார்கள். இயற்கையே நடத்தும் சோதனைக் களமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரையில், ட்ரீட் தீவில், அந்நாட்டு இராணுவப் பொறியியல் படையணி 1936 முதல் கொங்கிரீட் கட்டைகளைக் கடலோரத்தில் அடுக்கி வைத்துக் கவனித்து வருகிறது. கடல் வற்றும்போது கட்டை காற்றில் உறையும், பெருகும்போது கடல்நீரில் இளகும். ஒரு குளிர்காலத்தில் நூறு தரத்துக்கு மேல் இது நடக்கிறது.

நல்ல கொங்கிரீட்டில் காற்று இருக்க வேண்டும் என்கிறார்கள். ஓட்டை விழுந்த கொங்கிரீட் பலம் குறையாதா?

எல்லாச் சந்தேகங்களுக்கும் நடுநாயகமான கேள்வி இது. ஊரில் கட்டடவேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பதில் நம்பக் கடினமாகவும் இருக்கும்.

1930களின் பிற்பகுதியில் நியூயோர்க் மாநிலத்தில் கொங்கிரீட் வீதிகள் குளிரில் உரிந்துகொண்டிருந்தன. சில வீதித் துண்டுகள் மட்டும் நன்றாக நின்றன. என்ன வித்தியாசம் என்று தேடியபோது, அவற்றுக்கான சீமெந்தை அரைக்கும்போது அரைவை இலகுவாக இருக்க மாட்டுக் கொழுப்புச் சேர்த்திருந்தது தெரியவந்தது. கொழுப்பு கலவைக்குள் நுரையை எழுப்பி, எண்ணற்ற நுண்குமிழ்களை விட்டுச் சென்றிருந்தது. திட்டமிட்டுத் தேடிக் கண்டுபிடித்த ஒன்றல்ல இது. ஆனாலும் கொங்கிரீட் தொழில்நுட்பத்தில் இதற்கு இணையான பயனைத் தந்த கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே. இன்று அந்த வேலையைப் பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் பொருளும் செயற்கைச் சவர்க்காரப் பொருள்களும் செய்கின்றன. ஒரு லொறி கொங்கிரீட்டுக்கு இவற்றில் மிகச் சிறிய அளவே தேவை.

ஐஸ் தள்ளும் தண்ணீர் ஒதுங்க இடம் வேண்டும். அந்த இடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றருக்குள் ஒரு குமிழ் இருந்தால் பசை தப்பிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கனடாவின் சி.எஸ்.ஏ. ஏ23.1 தரநிலை இந்த இடைவெளிக் கணிப்புச் சராசரியாக 0.23 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்றும், எந்த ஒரு மாதிரியும் 0.26ஐத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே காற்று எவ்வளவு என்பது மட்டும் போதாது. அது எப்படிப் பரந்திருக்கிறது என்பதே காரியம். கலவையைச் சரியாகக் குத்தி இறுக்காததால் தங்கும் பெரிய ஓட்டைகள் எத்தனை இருந்தாலும் பயனில்லை. அவை ஒன்றுக்கொன்று தூரமாகக் கிடக்கும், பலத்தையும் கெடுக்கும். வேண்டியவை ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய, பெரும்பாலும் அதன் பத்திலொரு பங்கே அளவான, உருண்டைக் குமிழ்கள். ஒரு கன மீற்றருக்குள் இவை பல நூறு கோடி இருக்கும்.

பலம் குறையுமா? குறையும். காற்று ஒரு வீதம் கூடினால் அமுக்கப் பலம் சுமார் 5 வீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் குமிழ்கள் கலவையை இளக்கமாக்குவதால் தண்ணீரைக் குறைத்துவிடலாம். தண்ணீர் குறைந்தால் பலம் ஏறும். கலவை வடிவமைப்பவர் இந்த இரண்டையும் ஈடுகட்டித்தான் கணக்குப் போடுவார். குமிழ் இல்லாத பலமான கொங்கிரீட், குமிழ் உள்ள அதைவிடச் சற்றுப் பலம் குறைந்த கொங்கிரீட்டைவிட முந்தி அழிவதை இந்த நாட்டின் வீதிகளும் படிகளும் பல பத்தாண்டுகளாகக் காட்டிவருகின்றன.

கொந்தராத்துக்காரர் "32 எம்.பி.ஏ. போடுகிறேன்" என்கிறார். அது போதுமா?

போதாது. 32 மெகாபாஸ்கல் (எம்.பி.ஏ.) அமுக்கப் பலம் என்பது மூன்று நிபந்தனைகளில் ஒன்றுதான். டிரைவ்வே, நடைபாதை, வெளிப்படி, கராஜ் நிலம் ஆகியவற்றுக்கு சி.எஸ்.ஏ. தரநிலையின் சி-2 வகை பொருந்தும். 28 நாளில் குறைந்தது 32 மெகாபாஸ்கல், தண்ணீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதம் 0.45க்கு மேற்படாமை, வழக்கமான 20 மில்லிமீற்றர் கல்லுக்கு 5 முதல் 8 வீதம் காற்று. ஒன்ராறியோ கட்டடச் சட்டவிதியும் வெளித்தளங்களுக்கு இதையே கேட்கிறது. கொந்தராத்துப் பத்திரத்தில் "சி-2" என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பதே என் தாழ்மையான, ஆனால் உறுதியான கருத்து.

பெரும்பாலான வேளைகளில் ஆலையிலிருந்து வரும் கலவையில் குற்றம் இருப்பதில்லை. கெடுவது வாசலில்தான். லொறி வந்து நிற்கிறது. கலவை சற்று இறுக்கமாக இருக்கிறது, இழுத்துப் பரப்பக் கைவலிக்கும். யாரோ ஒருவர் குழாயைத் திறந்து தொட்டிக்குள் தண்ணீர் விடுகிறார். கணக்குப் பாருங்கள். கன மீற்றருக்கு 340 கிலோ சீமெந்து, 0.45 விகிதம் என்றால் 153 லீற்றர் தண்ணீர். கன மீற்றருக்கு இன்னும் 20 லீற்றர் விட்டால் 173 லீற்றர் ஆகிறது, விகிதம் 0.51க்கு ஏறிவிடுகிறது. ஆறு கன மீற்றர் லொறிக்கு அது 120 லீற்றர்தான். தோட்டக் குழாய் சில நிமிடத்தில் கொட்டிவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தரம் அந்த நிமிடங்களில் போய்விடுகிறது. இளக்கம் வேண்டுமென்றால் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் திரவங்கள் உண்டு. அதை ஆலையிலேயே சேர்த்து அனுப்பும்படி முன்கூட்டிச் சொல்லலாம்.

காற்றை அளப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. பெரிய வேலைகளில் சோதனைக்காரர் வந்து செய்வார். கனமான உலோகச் சட்டி ஒன்றில் கொங்கிரீட்டை மூன்று படையாக நிரப்புவார். ஒவ்வொரு படையையும் முனை மழுங்கிய கம்பியால் 25 தரம் குத்தி, சட்டியின் பக்கத்தை றப்பர்ச் சுத்தியலால் தட்டுவார். வாயை மட்டமாக வழித்து, விளிம்பைத் துடைத்து, மூடியைக் கவ்விப் பூட்டி, மூடிக்கும் கலவைக்கும் இடையே தண்ணீர் ஏற்றுவார். பிறகு கைப்பம்பியால் மேல் அறையில் அழுத்தம் ஏற்றி, வால்வை அழுத்தித் திறந்ததும் முள் இறங்கும். அது நிற்கும் இடத்தில் காற்றின் வீதம். எல்லாம் சில நிமிட வேலை. ஒரு வீட்டு டிரைவ்வேக்கு இதைச் செய்விப்பவர்கள் குறைவு. ஆனால் கோயில், மண்டபம், பெரிய வாகனத் தரிப்பிடம் என்று பொதுக்காசில் கொங்கிரீட் போடும் நிர்வாகசபைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆயிரம் பேர் கொடுத்த காசு அது.

நிலத்தைக் கண்ணாடிபோல மினுக்கித் தரச் சொன்னேன். அதில் என்ன பிழை?

ஊரில் சீமெந்து நிலத்தை மினுக்குவது நல்ல மேசனுக்கு அடையாளம். முகம் தெரியும்படி மினுக்கிய விறாந்தையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, துடைப்பத்தால் கோடு இழுத்த டிரைவ்வே அரைகுறை வேலையாகவே தெரிகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலத்துக்குள் தண்ணீர் ஒருநாளும் உறைவதில்லை. அங்கே அந்த வேலை முழுக்கச் சரி. இங்கே கூரைக்கு வெளியே அதே வேலை நிலத்தைக் கொல்லும்.

உருக்குத் தட்டால் மீண்டும் மீண்டும் தேய்க்கும்போது மேலே உள்ள சில மில்லிமீற்றரில் இருந்த குமிழ்கள் வெளியேறிவிடுகின்றன. குமிழ் ஆகத் தேவையான இடம் அதுதான். இன்னொன்றும் நடக்கிறது. பரப்பிய கொங்கிரீட்டிலிருந்து சிறிது நேரத்தில் தண்ணீர் மேலே கசிந்து வந்து மினுங்கும். அது தானாக ஆவியாகும்வரை காத்திருக்க வேண்டும். காத்திராமல் தேய்த்தால் அந்தத் தண்ணீர் தோலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். தேய்க்க இலகுவாக இருக்கட்டும் என்று மேலே தண்ணீர் தெளித்துவிடுவதும், ஈரத்தை உறிஞ்சட்டும் என்று காய்ந்த சீமெந்தைத் தூவுவதும் வழக்கத்தில் உண்டு. இவை எல்லாம் மேலே ஒரு மெல்லிய, காற்றில்லாத, பலவீனமான தோலை உண்டாக்கும் வழிகள். முதற் குளிர்காலத்தில் அந்தத் தோல்தான் கழன்று வரும். வெளித்தளத்துக்கு மரத்தட்டாலோ மக்னீசியத் தட்டாலோ மட்டம் செய்து, துடைப்பத்தால் கோடு இழுத்து விட்டாலே போதும். சறுக்கவும் மாட்டாது.

உப்புப் போட்டால் ஐஸ் கரைகிறது. ஐஸ் கரைந்தால் கொங்கிரீட்டுக்கு நல்லதுதானே?

அப்படித் தோன்றும். நடப்பது வேறு. உப்பு ஐஸைக் கரைத்து, அந்தத் தண்ணீரைக் கொங்கிரீட்டுக்குள் அனுப்புகிறது. உப்பு ஏறிய கொங்கிரீட் இலகுவில் காயாது. ஈரம் கூடவே தங்கி நிற்கும். தானாகக் கரைந்திராத நாள்களிலும் உப்பால் ஒரு கரைதலும் ஓர் உறைதலும் கூடுகின்றன.

விசித்திரமான ஒரு சங்கதி: தோலை ஆக மோசமாக உரிப்பது கடும் உப்புக் கரைசல் அல்ல, ஏறக்குறைய 3 வீத உப்புள்ள மெல்லிய கரைசல். 1950களிலேயே சோதனைகளில் இது தெரிந்திருந்தாலும் காரணம் நெடுங்காலம் புதிராக இருந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வலென்சா, ஷெரர் ஆகிய இருவரும் 2000களின் நடுப்பகுதியில் ஏற்கத்தக்க ஒரு விளக்கம் தந்தார்கள். குளிர் ஏற ஏற, மேலே ஒட்டியிருக்கும் ஐஸ் படை கொங்கிரீட்டைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு சுருங்க முனைகிறது. தூய தண்ணீரின் ஐஸ் பலமானது, வெடிக்காமல் அந்த இழுவையைத் தாங்கும். உப்பு அதிகமானால் ஐஸ் மென்மையாகிவிடும், இழுக்கச் சக்தி இல்லை. இடைப்பட்ட மெல்லிய கரைசலின் ஐஸ்தான் வெடிக்கவும் செய்யும், வெடித்த விளிம்பில் கொங்கிரீட்டின் தோலைப் பிய்த்துக்கொண்டு போகவும் செய்யும். டிரைவ்வேயில் பனியோடு கலந்து நீர்த்துப்போன உப்புத் தண்ணீர் அந்த அளவை அண்டியே வந்து நிற்பதுண்டு.

"நான் உப்பே போடுவதில்லை" என்பவர்களின் டிரைவ்வேயும் உரிகிறதே என்றால், 401 நெடுஞ்சாலையில் ஓடிவந்த கார் சில்லு மறைப்புக்குள் உப்புச்சேறு முழுவதையும் சுமந்துவந்து வாசலில் சொட்டுகிறது. கராஜில் சில்லு நிற்கும் இடம் மட்டும் பழுதாவது இதனால்தான். வாரம் ஒருமுறை அந்தச் சேற்றை வழித்துத் தள்ளிவிடுவது உண்மையாகவே பயன் தரும்.

பொதியில் "கொங்கிரீட்டுக்குப் பாதுகாப்பானது" என்று அச்சிட்டிருப்பதை முழுதாக நம்ப வேண்டாம். ஐஸைக் கரைக்கும் எதுவும் உறை-இளகு சுற்றைக் கூட்டத்தான் செய்யும். சாதாரண உப்பு மறை 10 பாகையை அண்டியதும் பெரிதாக வேலை செய்யாது. அதற்கும் கீழே வேலை செய்யும் கல்சியம் குளோரைட்டும் மக்னீசியம் குளோரைட்டும் சீமெந்துப் பசையோடு இரசாயன ரீதியாகவும் மோதக்கூடியவை. அமோனியம் சல்பேற், அமோனியம் நைத்திரேற் உள்ள பசளையை ஐஸுக்குத் தூவவே கூடாது. அவை கொங்கிரீட்டை நேரடியாக அரிக்கும். பனி விழுந்த கையோடு, அது மிதிபட்டு ஒட்டுவதற்கு முன் வழித்துவிட்டு, மணல் தூவுவதே நிலத்துக்கு ஆகக் குறைந்த தீங்கு. வயதானவர்கள் உள்ள வீட்டில் படியில் உப்பே போடாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். விழுந்து இடுப்பு முறிவதைவிடப் படி உரிவது மேல். அளவாகப் போட்டு, இளகியதை உடனே வழித்துவிடுங்கள்.

ஒக்டோபர் கடைசியில் மலிவாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

இரண்டு ஆபத்து. முதலாவது, ஊற்றிய இரவே குளிர் விழுந்தால் இறுகாத கொங்கிரீட்டுக்குள் உள்ள தண்ணீர் உறைந்துவிடும். 3.5 மெகாபாஸ்கல் பலமாவது வருமுன் உறைந்த கொங்கிரீட் பிறகு எவ்வளவு காலம் போனாலும் தன் முழுப்பலத்துக்கு வராது. காற்று 5 பாகைக்கு இறங்கினாலே குளிர்கால வேலைமுறை தொடங்க வேண்டும்: சுடுநீரில் கலக்கிய கலவை, உறையாத அடிமண், மேலே காப்புப் போர்வை. உறைந்த மண்ணின்மேல் ஊற்றுபவரைத் தயங்காமல் நிறுத்துங்கள்.

இரண்டாவது ஆபத்து கண்ணில் படாதது, ஆனால் கூடுதலான டிரைவ்வேகளைக் கெடுப்பது அதுவே. புதுக் கொங்கிரீட்டை ஏழு நாளாவது ஈரம் போகாமல் பேண வேண்டும். அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் காய விடவேண்டும். அப்போதுதான் துளைகளில் உள்ள தண்ணீர் வற்றி, ஐஸ் பெருக்க இடம் பிறக்கும். ஒக்டோபர் 28இல் ஊற்றினால் நவம்பர் மழையில் ஊறியபடியே டிசம்பர் உப்புக்குள் போகும். இங்கே கலவையில் பெரும்பாலும் உருக்காலைக் கசட்டுத் தூளும் சேர்ப்பார்கள். நல்ல பொருள்தான், ஆனால் குளிரில் மெதுவாகவே பலம் பிடிக்கும். மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் கடைசிவரை ஊற்றினால் நிம்மதி. பிந்திவிட்டால், முதற் குளிர்காலம் முழுவதும் மணல் மட்டுமே.

என் டிரைவ்வே உரியவில்லை, ஆனால் மேலெழும்பி வெடித்திருக்கிறது. இதுவும் அதே பழுதா?

இல்லை. அது மண்ணின் வேலை. வண்டல் கலந்த ஈரமண்ணில் ஐஸ் படைபடையாக வளர்ந்து நிலத்தையே தூக்கும். கலவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடுக்க முடியாது. சல்லிப் படுக்கையும் நீர் வடிகாலும்தான் மருந்து. ரொறன்ரோ பகுதியில் அத்திவாரத்தை 1.2 மீற்றர் ஆழத்துக்கு இறக்குவதும் இதற்காகவே.

ஆங்காங்கே கூம்பு வடிவில் சிறு குழி விழுந்து அடியில் உடைந்த கல் தெரிந்தால், நீர் உறிஞ்சும் கல் ஒன்று மேற்பரப்புக்குக் கிட்ட இருந்திருக்கிறது. அழகுக் குறை மட்டுமே. மூட்டுகளை ஒட்டி வில்வில்லாக வெடிப்புகள் பெருகினால் கல்லே உறைவுக்குத் தாங்காதது என்று சந்தேகிக்கலாம். அதைக் கீறிப் பூசி மாற்ற முடியாது.

மேலே பூசும் திரவங்கள் பயன் தருமா?

நல்ல கொங்கிரீட்டின் ஆயுளைக் கூட்டும், கெட்ட கொங்கிரீட்டைக் காப்பாற்றாது. துளைக்குள் இறங்கி நீரை விலக்கும் சைலேன், சைலொக்சேன் வகைகளைத் தெரிந்தெடுங்கள். அவை உள்ளீரத்தை ஆவியாக வெளியே விடும். பளபளவென்று படலம் போடும் வகை வெளியே வேண்டாம், அடியில் ஈரத்தைச் சிறைப்பிடிக்கலாம். ஊற்றி 28 நாள் கழிந்து, காய்ந்த நிலத்தில், முதற் குளிர்காலத்துக்கு முன் பூச வேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டிவரும்.

பாலங்களுக்கும் இதே ஆபத்து உண்டா? பயப்பட வேண்டுமா?

2006 செப்டெம்பர் 30 அன்று மொன்றியலை அடுத்த லவாலில் டி லா கொன்கோர்ட் மேம்பாலத்தின் ஒரு பகுதி கீழே ஓடிய நெடுஞ்சாலைமேல் இடிந்து விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேர் காயமடைந்தார்கள். 1970இல் கட்டிய பாலம் அது. கியூபெக்கின் முன்னாள் முதல்வர் பியேர் மார்க் ஜோன்சன் தலைமையிலான ஆணைக்குழு 2007இல் அறிக்கை தந்தது. கம்பிகளைப் பிழையான இடத்தில் வைத்திருந்தார்கள். வெட்டுவிசையைத் தாங்கும் கம்பி அந்தத் தடித்த தளத்தில் இல்லை, அன்றைய விதி அதைக் கேட்கவும் இல்லை. அவற்றோடு மூன்றாவதாக, தாங்கு முனைகளின் கொங்கிரீட் உப்பு நீரில் உறைந்து இளகுவதைத் தாங்கும் தரத்தில் இருக்கவில்லை. உள்ளே ஒரு வெடிப்பு பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நீண்டிருக்கிறது. அன்று முற்பகலில் கொங்கிரீட் துண்டுகள் விழுந்திருப்பதாகத் தகவல் போய், ஓர் ஊழியர் வந்து பார்த்தும் சென்றிருந்தார். பாதை மூடப்படவில்லை.

ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையின் உயர்த்திய பகுதியிலிருந்தும் கொங்கிரீட் துண்டுகள் விழுந்ததுண்டு. அங்கே முதற் குற்றவாளி வேறு: உப்பின் குளோரைட் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிப்பதால் மேல் உறை பிளக்கிறது. உறைவால் நுண்வெடிப்பு விழுந்த கொங்கிரீட்டில் உப்புக்கு வழி இன்னும் இலகு. பயம் வேண்டாம், கவனம் வேண்டும். நியூ பிரன்ஸ்விக்கையும் பிரின்ஸ் எட்வேட் தீவையும் இணைக்கும் 12.9 கிலோமீற்றர் கொன்ஃபெடரேஷன் பாலம் 1997இல் திறக்கப்பட்டது. கடல் ஐஸுக்கு நடுவே நூறு வருடம் நிற்கும்படி வடிவமைத்தார்கள். செய்யத் தெரிந்த நாடு இது. பழைய பாலங்களுக்குப் பராமரிப்புக் காசு ஒதுக்கும்படி நகரசபை உறுப்பினரைக் கேட்பது வரி கட்டும் எங்கள் உரிமை.

உரிந்துபோன டிரைவ்வேயைத் திருத்துவதா, உடைத்துப் போடுவதா?

சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசை வந்தால் அடி நன்றாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது. சில மில்லிமீற்றர் தோல் மட்டும் போயிருந்து, அடி கணீரென்றால், தளம் பாரம் தாங்கும். தளர்ந்ததை முழுவதும் கழித்து, அழுத்த நீரால் கழுவி, பொலிமர் கலந்த மேற்பூச்சுப் போடலாம். அழுக்கின்மேல் பூசியது அடுத்த பனியோடு கழன்றுவிடும். சாதாரண சீமெந்துச் சாந்தால் பூசுவது காசை வீணாக்குவது. விரல் ஆழத்துக்கு நொறுங்கினால், அல்லது பாதிக்கு மேல் பொத்தென்று கேட்டால், உடைத்துப் புதிதாகப் போடுவதுதான் சிக்கனம்.

உடைக்குமுன், வேலை செய்தவருடன் பேச உங்களிடம் கையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். லொறிச் சாரதி தரும் விநியோகச் சீட்டில் கலவை வகை, காற்றின் வீதம், ஆலையிலிருந்து புறப்பட்ட நேரம் எல்லாம் இருக்கும். வாசலில் தண்ணீர் விட்டிருந்தால் அதுவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சீட்டின் படத்தை எடுத்து வைத்தவர்களுக்கு வழக்குப் பேச ஓர் ஆதாரம் உண்டு. ரசீது இல்லாமல் கைக்காசு கொடுத்தவர்களுக்கு இல்லை. பெரிய தொகை என்றால் துளைத்தெடுத்த துண்டு ஒன்றை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். மினுக்கிய வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துக் குமிழ்களை எண்ணி, காற்று இருந்ததா, எவ்வளவு இடைவெளியில் இருந்தது, தோலில் தண்ணீர் கூடியிருந்ததா என்று எழுத்தில் தருவார்கள்.

வெளிப்படியில் விளிம்பு தளர்ந்து கைப்பிடிக் கம்பியின் அடி ஆடினால் இந்த யோசனைகள் எதற்கும் காத்திருக்க வேண்டாம். அந்தப் படியை மறித்துவிட்டு, திருத்தும்வரை கராஜ் வழியைப் பாவியுங்கள்.